பொதுவுடைமைப் பூச்சாண்டியும் கொள்ளிடக் கரையும்

"பசித்தபோது அமெரிக்காக்காரன் கோதுமை கொடுத்தான்; இருட்டாய் இருந்தபோது ரஷ்யாக்காரன் மின்சாரம் கொடுத்தான்; இரண்டு மகராசர்களும் நன்றாய் இருக்கட்டும்" என்பதாகப் பேசுகிற பெரியவர்கள் சேத்தியாத்தோப்புப் பக்கத்தில் இன்னமும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வது பொய் என்று நாம் சொல்ல வரவில்லை. கோதுமை வந்ததும் வாஸ்தவம். மின்சாரம் வந்ததும் வாஸ்தவம். ஆனால், கொடுத்தவன் எதற்காகக் கொடுத்தான், எவ்வளவோடு நிறுத்திக் கொண்டான், எந்த ஊர் எல்லையில் வந்து நின்று கொண்டான் என்று கேட்க அறிவுள்ள எவனுக்கும் உரிமை உண்டு. சாமி கொடுத்தது என்றால் கேள்வி கேட்கக் கூடாது என்று நம்மைப் பழக்கி வைத்தார்கள். வல்லரசு கொடுத்தது என்றாலும் அதே மாதிரி கன்னத்தில் போட்டுக் கொள்வதுதான் என்றால், கோயிலை விட்டு வெளியே வந்து நாம் கண்ட பலன் என்ன?

சேத்தியாத்தோப்பு இருக்கிற இடத்தை வாசகர்கள் கொஞ்சம் ஞாபகப்படுத்திக் கொள்ள வேண்டும். வடக்கே போகிற பஸ்ஸில் ஏறினால் வடலூர். அதற்குப் பக்கத்தில் நெய்வேலி. தெற்கே போகிற பஸ்ஸில் ஏறினால் அணைக்கரை. கொள்ளிடத்தைத் தாண்டினால் பழைய தஞ்சாவூர் ஜில்லா. நெய்வேலியில் ரஷ்யா வந்து உட்கார்ந்தது. தஞ்சாவூரில் அமெரிக்காவின் ஃபோர்டு ஸ்தாபனம் வந்து உட்கார்ந்தது. உலகத்தை இரண்டாகப் பங்கு போட்டுக் கொண்ட இரண்டு பேரும் இந்த ஊருக்கு இரண்டு பக்கத்திலும் ஒரே காலத்தில் கடை விரித்தார்கள் என்றால், அது நம்முடைய அதிர்ஷ்டமா, அல்லது வேறு காரணமா?

1947-ம் வருஷம் மார்ச்சு 12-ந் தேதி அமெரிக்க ஜனாதிபதி ட்ரூமன் தம் நாட்டுச் சபையில் நின்று, கிரீசுக்கும் துருக்கிக்கும் 40 கோடி டாலர் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அவை பொதுவுடைமைக்காரர் கைக்குப் போய்விடும் என்று சொன்னார். அதே வருஷம் ஜார்ஜ் கென்னன் என்ற அமெரிக்க அதிகாரி தம் பெயரை மறைத்துக் கொண்டு எழுதிய கட்டுரையில் இந்த வேலைக்கு ஒரு தத்துவமும் கிடைத்தது. ரஷ்யாவோடு சண்டைக்குப் போக வேண்டாம், அது பரவாமல் சுற்றிலும் அணை போட்டு நிறுத்து என்பதுதான் அதன் சாரம். வெள்ளாற்றுக்குக் குறுக்கே அணை இருக்கிற ஊர்க்காரர்களுக்கு அணை என்றால் என்னவென்று நாம் சொல்லித் தர வேண்டியதில்லை. அணை கட்டுகிறவன் தண்ணீரைக் கொல்வதில்லை. தனக்கு வேண்டாத பக்கம் அது போகாமல் பார்த்துக் கொள்கிறான், அவ்வளவுதான். பிறகு ஐரோப்பாவுக்கு மார்ஷல் பேரால் சுமார் 1,300 கோடி டாலர் போயிற்று. 1949-ல் ஒரு ராணுவக் கூட்டு, 1954-ல் நம் கிழக்குப் பக்கத்தில் இன்னொரு கூட்டு என்று வரிசையாய் நடந்தது. இந்தியா ஒன்றிலும் சேரவில்லை என்று பெருமை பேசுகிறோம். சேரவில்லைதான். ஆனால் அணை இங்கேயும் கட்டப்பட்டது, கட்டினவர்கள் நம்மவர்களே.

இந்த வேலையில் நம் நாட்டு அதிகாரத்துக்கு ட்ரூமனிடம் பாடம் கேட்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. பொதுவுடைமைக் கட்சியை 1934-லேயே வெள்ளைக்காரன் சட்ட விரோதமாக்கினான். அதற்கு முந்தின வருஷம், இன்றைய ஆட்சி ஏன் ஒழிய வேண்டும் என்று தலையங்கம் எழுதியதற்காகப் பெரியாரும், பத்திரிகையை வெளியிட்டதற்காக அவர் தங்கை கண்ணம்மாளும் சிறைக்குப் போனார்கள். மார்க்சின் அறிக்கையை 1931-லேயே தமிழில் போட்ட பத்திரிகை அது. வெள்ளைக்காரன் போன பிறகாவது இந்தப் பயம் தெளிந்ததா? 1949-ல் சென்னை மாகாண காங்கிரஸ் சர்க்கார் அதே கட்சியை மறுபடியும் தடை செய்தது. 1950 பிப்ரவரி 11-ந் தேதி சேலம் ஜெயிலுக்குள் பொதுவுடைமைக் கைதிகள் 22 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். குடியரசு பிறந்து பதினாறு நாள்கூட நிறையவில்லை. பம்பாயில் அச்சாகிற 'கிராஸ் ரோட்ஸ்' என்ற வாரப் பத்திரிகை சென்னை ராஜ்யத்துக்குள் நுழையக் கூடாது என்று மார்ச்சு மாதம் உத்தரவு. அந்த உத்தரவு செல்லாது என்று மே மாதம் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. தீர்ப்புச் சொன்னால் விடுவார்களா? அடுத்த வருஷமே அரசியல் சட்டத்தைத் திருத்தி, பொது ஒழுங்கு என்றும் அந்நிய நாடுகளோடு சிநேகம் என்றும் சொல்லிப் பேச்சுரிமைக்கு வேலி போட்டார்கள். பேய் இருக்கிறது என்று நம்புகிறவன் வேப்பிலை கட்டுகிறான். பொதுவுடைமைப் பேய்க்கு அரசியல் சட்டத்திலேயே வேப்பிலை கட்டிய பெருமை நம்முடையது.

நிற்க. வேப்பிலை பலிக்கவில்லை. 1952 தேர்தலில் சென்னை சட்டசபையின் 375 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தது 152. நேற்று வரை ஜெயிலில் கிடந்த பொதுவுடைமைக் கட்சிக்கு 62. மக்கள் ஓட்டால் மந்திரி சபை மாறிவிடும் என்ற நிலைமை வந்ததும் டில்லிக்கு உதறல் எடுத்தது. தேர்தலுக்கே நிற்காத ஆச்சாரியாரை கவர்னர் மேல்சபைக்கு நியமனம் செய்து, ஏப்ரல் 10-ந் தேதி முதல் மந்திரியாக உட்கார வைத்தார்கள். பொதுவுடைமைக்காரரே தம்முடைய முதல் எதிரி என்று அவர் சட்டசபையிலேயே சொன்னார். ஜூலையில் 200-க்கு 151 என்று நம்பிக்கை ஓட்டு வாங்கினார். இந்த இடத்தில் தென்னார்க்காட்டு வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காங்கிரசை எதிர்த்து வட தமிழ்நாட்டு வன்னியர் ஓட்டைச் சேர்த்து நின்ற கட்சிகள் இரண்டு. மாணிக்கவேலரின் பொதுநலக் கட்சிக்கு 6 இடம். நம் ஜில்லாவின் ராமசாமிப் படையாச்சியாரின் உழைப்பாளர் கட்சிக்கு 19 இடம். முன்னவர் 1952-ல் ஆச்சாரியார் மந்திரி சபைக்குப் போனார். பின்னவர் 1954-ல் காமராசர் மந்திரி சபைக்குப் போனார். உழைப்பாளி என்ற பேரில் வாங்கிய ஓட்டு எந்த அணைக்குக் கல்லாயிற்று என்று ஓட்டுப் போட்டவர்களிடம் யாரும் சொல்லவில்லை.

இனி, நாம் சொல்ல வந்த முக்கியமான சங்கதிக்கு வருகிறோம். அடியால் முடியாததைக் கொஞ்சம் கொடுத்து முடிக்கலாம் என்ற யோசனை அந்த வருஷமே பிறந்தது. கீழத் தஞ்சையில் 1940-களில் சீனிவாசராவ் முதலிய தோழர்கள் செங்கொடியை நட்டு, சாணிப்பாலும் சவுக்கடியும் இனிக் கூடாது என்று சேரிகளில் சொல்லி வந்தார்கள். குனிந்தே பழகிய ஆள் நிமிர்ந்தான். அந்த நிமிர்வுதான் மிராசுதார்களுக்குப் பொறுக்கவில்லை, கூலி அப்புறம்தான். 1952 ஆகஸ்டில் ஆச்சாரியார் சர்க்கார் ஓர் அவசரச் சட்டம் போட்டது. வாரக்காரனுக்குக் கண்டுமுதலில் ஐந்தில் இரண்டு பங்கு. பண்ணையாளை இஷ்டம்போல் துரத்தக் கூடாது. நல்ல சட்டந்தான். பொதுவுடைமையை ஜென்ம விரோதி என்றவரே செய்ததாகையால் அதன் அவசியத்தை யாரும் மறுக்க முடியாது.

ஆனால் அந்தச் சட்டத்தின் பேரைப் பாருங்கள்: தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம். தஞ்சாவூருக்கு மாத்திரம்! கொள்ளிடத்தின் கீழணையில் பிரிகிற தண்ணீர் வடவாறு வழியாக வீராணத்துக்கு வந்து, காட்டுமன்னார்கோயில், சிதம்பரம் தாலூகா வயல்களில் பாய்ந்து, மிச்சம் சேத்தியாத்தோப்பில் வெள்ளாற்றில் விழுகிறது. அந்தக் கரையில் பாய்வதும் அதே காவிரி. இந்தக் கரையில் பாய்வதும் அதே காவிரி. அங்கே நாற்று நடுகிறவளும் சேரிக்காரி. இங்கே நடுகிறவளும் சேரிக்காரி. அங்கே வயிறு உண்டு, இங்கே வயிறு இல்லையா? நியாயம் என்று கருதிச் சட்டம் செய்தவன் ஆற்றைக் கண்டதும் ஏன் நின்றுவிட்டான்? அங்கே பயம் இருந்தது. இங்கே அவ்வளவு பயம் இல்லை. வேறு காரணம் ஒன்றுமில்லை. எவ்வளவு தூரம் செங்கொடி பயமுறுத்தியதோ அவ்வளவு தூரம் சட்டம் நடந்தது. இந்தக் கரைக் குத்தகைக்காரனுக்குப் பாதுகாப்பு என்று பொதுச் சட்டம் வர 1955 ஆயிற்று.

கொடுத்ததையும் எப்படிக் கொடுத்தார்கள்? ஒரே கிராமத்தில் ஒரு வேலிக்கு மேல், அதாவது 6 2/3 ஏக்கருக்கு மேல், நஞ்சை உள்ளவனுக்குத்தான் சட்டம். கேட்க வேண்டுமா? மிராசுதார்கள் மைத்துனன் பேரிலும் மாமன் பேரிலும் எழுதி வைத்தார்கள். பண்ணையாளைத் துரத்தக் கூடாது என்றால், பண்ணையாள் என்று ஒருவன் இருந்தால்தானே துரத்துவதற்கு? அவனைத் தினக்கூலி ஆக்கிவிட்டால் தீர்ந்தது.

பிறகு அமெரிக்கா வந்தது. 1960-ல் ஃபோர்டு ஸ்தாபனத்தின் யோசனையாலும் பணத்தாலும், இந்தியா முழுவதிலும் முதலில் பொறுக்கியெடுத்த ஏழு ஜில்லாக்களில் தஞ்சாவூர் ஒன்று. விதை, உரம், மருந்து, கடன் எல்லாம் ஒரு மூட்டையாகக் கட்டித் தந்தார்கள். ஆடுதுறை 27 வந்தது, குறுவை பெருத்தது. நெல் அதிகம் விளைவது நல்லதா கெட்டதா என்று நம்மைக் கேட்டால் நல்லது என்றே சொல்லுவோம். பூமாதேவிக்குப் படையல் வைத்து விளையாததை அமோனியா வைத்து விளைவித்ததில் நமக்கு ஆட்சேபம் என்ன? ஆனால் நிலம் யாருடையது என்ற கேள்வியை மாத்திரம் அந்த மூட்டையில் வைத்துக் கட்டவில்லை. உரம் வாங்க நிலம் வேண்டும். கடன் வாங்கப் பட்டா வேண்டும். இரண்டும் எவனிடம் இருந்ததோ அவனிடமே விளைச்சலும் போய்ச் சேர்ந்தது.

இதற்குப் பச்சைப் புரட்சி என்று பேர் வைத்தவன் யார் தெரியுமா? விவசாயி அல்ல. அமெரிக்க அந்நிய உதவி இலாகாவின் தலைவர் வில்லியம் காட். 1968 மார்ச்சு 8-ந் தேதி வாஷிங்டனில் பேசும்போது, இது ரஷ்யாவின் சிவப்புப் புரட்சி மாதிரி பலாத்காரமானது அல்ல, ஆகவே பச்சைப் புரட்சி என்கிறேன் என்று விளக்கமும் கொடுத்தார். பெயரிலேயே நோக்கம் தெரிகிறது. சிவப்பு வராமல் இருப்பதற்காகப் பச்சை.

அந்த வருஷம் முடிவதற்குள், டிசம்பர் 25-ந் தேதி இரவு, அதே தஞ்சை ஜில்லாவின் கீழவெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் வெந்து கருகினார்கள். பெண்கள், குழந்தைகள், கிழவர்கள். அறுவடைக் கூலியில் கொஞ்சம் நெல் கூடக் கேட்டதும், செங்கொடியை இறக்கிவிட்டு மிராசுதார்களின் நெல் உற்பத்தியாளர் சங்கத்துக்கு வர மறுத்ததும்தான் குற்றம். விளைச்சல் பெருகிய வயலில் அரைப்படி நெல் பெருகவில்லை! பச்சைப் புரட்சி பலாத்காரம் இல்லாதது என்று சொன்ன கனவான் இதற்கு என்ன பேர் வைப்பார்? அப்போது சென்னையில் இருந்தது காங்கிரஸ் சர்க்காரும் அல்ல. சுயமரியாதை மேடையில் பேசிப் பழகியவர்களின் சர்க்கார். கீழ்க்கோர்ட்டில் தண்டனை பெற்ற மிராசுதார்களை 1973-ல் ஹைக்கோர்ட்டு விடுதலை செய்தது. கார் வைத்திருக்கிற பெரிய மனிதர்கள் தாங்களே நடந்து போய்க் குடிசைக்குத் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கஷ்டமாய் இருக்கிறது என்று தீர்ப்பில் காரணமும் காட்டியது. நந்தன் கதையில்கூட நெருப்பு யாரை விடும், யாரைச் சுடும் என்பதற்கு இவ்வளவு வியாக்கியானம் இல்லை.

கீழவெண்மணிக்குப் பிறகு கணபதியா பிள்ளை விசாரணைக் கமிஷன் உட்கார்ந்தது. 1969-ல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. எங்கே? கிழக்குத் தஞ்சைக்கு மாத்திரம். பதினேழு வருஷம் கழித்தும் நியாயம் அதே எல்லைக் கல்லில் வந்து நின்றது. நியாயக் கூலி என்பது நியாயம் என்றால் சிதம்பரத்துக் கூலியாளுக்கு அது அநியாயமாகுமா? 44 பேர் வெந்த பிறகு வெந்த தாலூகாக்களுக்குச் சட்டம். அப்படியானால் மற்ற ஜில்லாக்காரர்கள் எதற்காகக் காத்திருக்க வேண்டும் என்று சட்டம் செய்தவர்கள் நினைத்தார்கள்?

கோதுமைக் கதையும் இதேதான். 1951 பிப்ரவரியில் ட்ரூமன் இந்தியாவுக்கு 20 லட்சம் டன் தானியம் கொடுக்கச் சொன்னார். கொரியா விஷயத்தில் நம் பக்கம் பேசாத நேருவுக்கு எதற்குச் சோறு என்று அவர்கள் சபையில் நாலு மாதம் விவாதம். ஜூனில் 19 கோடி டாலர், அதுவும் கடனாக, வந்தது. 1965-66 பஞ்சத்தில், வியட்நாமைப் பற்றி இந்தியா வாயைத் திறந்ததற்காக ஜான்சன் கப்பல் கப்பலாக எண்ணி அளந்துவிட்டார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் கைகுலுக்கும் படம் போட்ட டப்பாவில் பால் பவுடர் வந்தது. குடித்த பிள்ளைகள் வளர்ந்தார்கள். அதை நாம் குறை சொல்லவில்லை. வடலூரில் 1867-ல் இராமலிங்கர் மூட்டிய அடுப்பு இன்றைக்கும் எரிகிறது. அவருடைய ஜோதியைப் பற்றி நமக்கு வேறு அபிப்பிராயம் உண்டு. ஆனால் அந்த அடுப்பு, பந்தியில் உட்கார்ந்தவனைப் பார்த்து, "நீ வியட்நாமைப் பற்றி என்ன பேசினாய்?" என்று கேட்டதில்லை.

ரஷ்யாவுக்கு வக்காலத்து வாங்குகிறோம் என்று யாரும் எண்ண வேண்டாம். 1955-ல் ஆந்திரத் தேர்தல் வேளையில் மாஸ்கோ 'பிராவ்தா' நேரு சர்க்காரைப் புகழ்ந்து எழுதிற்று. காங்கிரஸ்காரர்கள் அதையே அச்சடித்துப் பொதுவுடைமைக்காரருக்கு விரோதமாக வீட்டுக்கு வீடு கொடுத்தார்கள். பக்தன் மொட்டையடித்துக் கொண்டு நிற்க, சாமி எதிர்க்கட்சிக்காரனுக்கு வரம் கொடுத்த கதை! 1957-ல் ரஷ்யா கொடுத்த கடனில் நெய்வேலி மின்சார நிலையமும் சேர்ந்தது. சுரங்கத்துக்குத் திட்டம் எழுதினது இங்கிலாந்துக் கம்பெனி. மண்ணை வெட்டினது மேற்கு ஜெர்மனி இயந்திரம். எரித்தது ரஷ்யக் கொதிகலன். உலகத்தில் முகம் பார்க்க மறுத்தவர்கள் நெய்வேலிக் குழியில் சமபந்தி உட்கார்ந்தார்கள். லாபம் வருமானால் வல்லரசுகளுக்குத் தீட்டுக் கிடையாது. தீட்டெல்லாம் நம் ஊர் டீக்கடைத் தம்ளருக்குத்தான். 1962-ல் ஓடத் தொடங்கி 600 மெகாவாட் வரை வளர்ந்த அந்த நிலையம் ஊருக்கு வெளிச்சம் கொடுத்தது, ஆயிரக்கணக்கானவர்களுக்கு மாதச் சம்பளம் கொடுத்தது. மறுக்கவில்லை. வழவழப்பான தாளில் 'சோவியத் நாடு' பத்திரிகையும் வந்தது. தமிழ்நாட்டுப் பிள்ளைகள் அதைப் பாடப் புத்தகத்துக்கு அட்டை போட்டார்கள். அதுவும் ஒரு உபயோகந்தான்.

நம் நாட்டுச் செங்கொடித் தோழர்களிடமும் ஒரு கேள்வி உண்டு. மாஸ்கோவிலிருந்தும் பிறகு பீகிங்கிலிருந்தும் என்ன வருகிறது என்று பார்த்து 1964-ல் கட்சியை இரண்டாக்கிக் கொண்ட அளவு அக்கறையை, ஊர்த்தெருவுக்கும் சேரிக்கும் நடுவில் இருக்கிற வாய்க்காலின் மேல் காட்டினார்களா? பண்ணையாளின் கூலியைப் பற்றித் தஞ்சையில் அவர்கள் பட்ட பாட்டை நாம் தலை வணங்கி ஒப்புக் கொள்கிறோம். ஆனால் கூலி உயர்ந்த ஆளும் சேரியில்தான் இருந்தான்.

1991-ல் சோவியத் ஒழிந்தது. பூச்சாண்டி போயிற்று என்று பணக்காரர்கள் நிம்மதியாய்த் தூங்கப் போனார்கள். அது முதல் நில உச்சவரம்பைப் பற்றி எந்த மந்திரியாவது வாய் திறந்ததுண்டா? 1961-ல் குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்றார்கள். 1970-ல் 15 என்றார்கள். பயம் இருந்த காலத்துக் கணக்கு அது. அணைக்கு மறுபக்கத்தில் தண்ணீரே இல்லை என்றால், மதகைத் திறந்து கொஞ்சம் விட வேண்டும் என்ற எண்ணம் எவனுக்கு வரும்?

ரஷ்யக் கொதிகலன்களும் 2020-ல் நிறுத்தப்பட்டன. நெய்வேலிச் சுரங்கம் நிற்கவில்லை. இந்தப் பக்கமாக நகர்ந்து வந்து கொண்டிருக்கிறது. 2023 ஜூலை 26-ந் தேதி சேத்தியாத்தோப்புக்கு அடுத்த மேல்வளையமாதேவியில், சுரங்கத்துக்காகக் கால்வாய் வெட்ட, வளர்ந்து நின்ற நெற்பயிருக்குள் இயந்திரங்கள் இறங்கின. நிலம் முன்னமே எடுத்தாகிவிட்டது என்றது நிறுவனம். பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடு என்றது ஹைக்கோர்ட்டு. கட்சிக்காரர்கள் வந்தார்கள், மறியல் நடந்தது, கல் பறந்தது, பத்திரிகைகள் இரண்டு வாரம் எழுதின. எல்லாரும் பேசினது நிலம் யார் பேரில் இருந்ததோ அவரைப் பற்றியே. அந்தப் பயிரை நட்ட பெண்கள் எத்தனை பேர், அறுத்திருந்தால் அவர்களுக்கு எத்தனை நாள் கூலி கிடைத்திருக்கும், அந்தக் கூலியை யார் கொடுப்பது என்று எந்தச் சபையிலாவது, எந்தக் கோர்ட்டிலாவது, எந்தக் கட்சி மேடையிலாவது ஒரு கணக்கு வாசிக்கப்பட்டதா என்று நாம் கேட்கிறோம்.